செட்டியார் தெருவின் எழுச்சியும் தளர்ச்சியும்
(கொழும்பில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வாணிகம் பற்றிய ஒரு நோக்கு)

இலங்கையின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொருளாதார வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் மலைநாட்டையே தம் ஆய்வுக்களமாகக் கொண்டனர். கோப்பியும் அதன்பின் தேயிலையும் பயிரான பெருந்தோட்டங்கள், அவற்றை உருவாக்கிய ஐரோப்பிய முதலீடு, அங்கு உழைத்த தென்னிந்தியத் தொழிலாளரின் வாழ்வு என்பன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆனால் அத்தொழிலாளர் உண்ட அரிசி யார் மூலம் வந்தது, ஐரோப்பிய வங்கியின் வாயிலை அணுகமுடியாத உள்நாட்டு வணிகனுக்கும் தென்னந்தோட்டச் சொந்தக்காரனுக்கும் யார் கடன் கொடுத்தனர் என்னும் வினாக்கள் அதே அளவு கவனத்தைப் பெறவில்லை. 1973ஆம் ஆண்டில் விக்கிரம வீரசூரிய இலங்கையின் நாட்டுக்கோட்டைச் செட்டியார் பற்றித் தனிநூல் ஒன்றை வெளியிட்டதன் பின்னரே இத்துறை ஓரளவு துலக்கம் பெற்றது எனலாம்.

இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர், புறக்கோட்டையிலிருந்து கொச்சிக்கடையையும் கொட்டாஞ்சேனையையும் நோக்கி வடக்கே செல்லும் செட்டியார் தெருவிற்குத்தான் செல்லவேண்டும். இன்று நகைக்கடைகளால் அறியப்படும் அத்தெரு, ஒரு காலத்தில் இலங்கையின் உள்நாட்டு வாணிகத்தின் பணப்பெட்டியாக விளங்கியது. கடல் கடந்த சந்தை ஒன்றில் ஒரு வணிகச் சமூகம் ஏறக்குறைய நூறாண்டுகள் எவ்வாறு மேலோங்கி நின்றது என்பதையும், பின்னர் ஒரு தலைமுறைக் காலத்துக்குள் அச்சந்தையை எவ்வாறு இழந்தது என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவர்களை உயர்த்திய அமைப்பிலேயே அவர்களது தளர்ச்சிக்கான வித்தும் இருந்தது என்பது இங்கு நிறுவப்படும்.

இருவகைச் செட்டிமார்

கொழும்பில் செட்டி என்னும் பெயர் இரு வேறு சமூகத்தவரைக் குறித்து வழங்கியமை முதலில் தெளிவுபடுத்தப்படவேண்டும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் தென்னிந்தியாவிலிருந்து வாணிகத்தின் பொருட்டு வந்து இங்கேயே குடியமர்ந்தோர் கொழும்புச் செட்டிகள் எனப்பட்டனர். அவர்களிற் பலர் கிறித்தவ சமயத்தைத் தழுவினர். கொட்டாஞ்சேனைப் பகுதியை அடுத்து வாழ்ந்தனர். ஆங்கிலக் கல்வி பெற்று அரசாங்க உத்தியோகங்களில் அமர்ந்தனர். செட்டி மரபில் வந்த கற்பிட்டிச் சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கை பற்றிய தகவற்களஞ்சியம் ஒன்றையும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்று நூலொன்றையும் ஆங்கிலத்தில் வெளியிட்டமை இங்கு நினைவுகூரத்தக்கது. வணிகராக வந்தவர்கள் சில தலைமுறைகளில் இந்நாட்டு மக்களாக மாறியமைக்கு இச்சமூகம் சான்றாகும்.

நாட்டுக்கோட்டைச் செட்டியாரோ இவர்களினின்றும் வேறானவர். இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளில் அமைந்த செட்டிநாட்டைத் தாயகமாகவும், இளையாற்றங்குடி, மாற்றூர், பிள்ளையார்பட்டி முதலான ஒன்பது நகரக் கோயில்களைத் தம் குலப்பிரிவுகளின் அடிப்படையாகவும் கொண்டவர். பதினெட்டாம் நூற்றாண்டில் உப்பு முதலிய பண்டங்களை உள்நாட்டில் விற்றுவந்த இவர்கள், பிரித்தானியர் இலங்கையின் கரையோரத்தைக் கைப்பற்றிய பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரிசியும் துணியும் கொண்டு கொழும்புக்கு வரத் தொடங்கினர். கொழும்புச் செட்டிகள் குடியமர வந்தனர். நகரத்தார் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்ப வந்தனர். இவ்வேறுபாடு பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இன்றியமையாததாகும்.

சந்தையின் தேவை

ஒரு சந்தையில் வெளியார் நிலைபெறுவதற்கு அச்சந்தைக்கு அவர்களால் ஆகவேண்டிய தேவையொன்று இருத்தல் வேண்டும். 1830களிலிருந்து விரிவடைந்த கோப்பிப் பயிர்ச்செய்கை அத்தகைய தேவையை உண்டாக்கிற்று. மலைநாட்டிற் பெருகிய தொழிலாளருக்கு அரிசி தேவைப்பட்டது. உள்நாட்டு நெல் அதற்குப் போதாமையால் முதலில் தென்னிந்தியாவிலிருந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பெருமளவில் பர்மாவிலிருந்தும் அரிசி இறக்குமதியாயிற்று. இரங்கூனிலும் கொழும்பிலும் ஒருங்கே கடை வைத்திருந்த நகரத்தாருக்கு இது பெருவாய்ப்பாக அமைந்தது. ஒரு துறைமுகத்தில் வாங்கவும் மறு துறைமுகத்தில் விற்கவும் இடையில் வேறொருவரை நம்பியிருக்கவேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்படவில்லை.

1867இல் கொழும்பு - கண்டி இருப்புப்பாதை திறக்கப்பட்டமையும், 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டமையும், 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1885இல் நிறைவெய்திய அலைதடுப்பு அணையால் கொழும்பு பாதுகாப்பான துறைமுகமானமையும் வாணிகத்தை மேலும் பெருக்கின. 1869இல் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோயினால் கோப்பி அழிந்தபோதும் இவ்வாணிகம் அழியவில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கும் அரிசி வேண்டியிருந்தது. தென்னை, இறப்பர்ச் செய்கைகளில் இறங்கிய உள்நாட்டவருக்குக் கடனும் வேண்டியிருந்தது. இவ்வாறு அரிசி வணிகராக வந்தோர் படிப்படியாகக் கடன் வணிகராயினர். புறக்கோட்டை மொத்த வியாபாரி அவர்களிடம் தவணைக்குப் பெற்றான். உள்ளூர்ச் சில்லறைக் கடைக்காரன் அவனிடம் தவணைக்குப் பெற்றான். கொழும்பிலிருந்து நாட்டின் உட்பகுதிவரை நீண்ட இக்கடன் தொடரின் முதற் கண்ணியாகச் செட்டியார் தெரு விளங்கிற்று.

நம்பிக்கை என்னும் முதல்

நகரத்தாரின் வெற்றிக்குப் பணம் மட்டும் காரணமன்று. பணத்தைத் தொலைவிலிருந்து ஆளும் முறையை அவர்கள் வகுத்திருந்தமையே முதன்மைக் காரணமாகும். முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். கொழும்புக் கடையை நடத்துபவர் அவரால் அதிகாரப் பத்திரம் கொடுத்து அனுப்பப்பட்ட மேலாள் ஆவார். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையலாள் என ஒரு படிவரிசை இருந்தது. பெட்டியடிப் பையனாக வந்த சிறுவன் கணக்கும் கடிதமும் கற்று அடுத்தாளாகி, பின் மேலாளாகி, ஈற்றில் தானே முதலாளியாகவும் ஆகலாம். மேலாளின் பணிக்காலம் வழமையாக மூன்றாண்டுகள். சம்பளத்தோடு இலாபத்திலும் ஒரு பங்கு அவருக்கு உண்டு. பணிக்காலம் முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். அவரிடத்துக்கு மற்றொருவர் வருவார்.

தொழிலுக்கான முதலும் தனியொருவருடையதாக இருக்கவில்லை. சொந்தக்காரர் இட்டது முதற்பணம் எனப்பட்டது. உறவினர் வைப்பாக இட்டது மேம்பணம் எனப்பட்டது. பெண்களுக்குச் சீதனமாக வந்த ஆச்சிமார் பணமும், கோயிற் பணமும் கடைகளில் வட்டிக்கு விடப்பட்டன. ஒரு கடைக்குப் பணமுடை நேர்ந்தால் அயற்கடை கொடுத்துதவும். அதற்குரிய நடப்பு வட்டி நகரத்தார் கூடிப் பேசித் தீர்மானித்த வட்டியாகும். உண்டியல் மூலம் இரங்கூன், பினாங்கு, கொழும்பு, சென்னை ஆகிய நகரங்களிடையே பொற்காசு கைமாறாமலே பணம் கைமாறியது. பேரேடு நாள்தோறும் எழுதப்பட்டது. ஐந்தொகை ஒழுங்காக முதலாளிக்கு அனுப்பப்பட்டது.

ஒரே கூரையின் கீழ்ப் பல கடைகள் இயங்கிய கிட்டங்கியில், ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டியும் ஒரு சாய்வு மேசையும் ஒரு பாயளவு இடமும் இருந்தன. ஒருவர் செய்வதை மற்றவர் காணாதிருக்க வழியில்லை. நாணயம் தவறியவனுக்குக் கொழும்பில் மட்டுமன்றித் தன் ஊரிலும் கடன் கிடையாது; பெண் எடுக்கவும் கொடுக்கவும் ஆள் கிடையாது. நீதிமன்றத்தைவிட விரைவாக ஊரின் கண்டனம் செயற்பட்டது எனலாம். இலாபத்திலிருந்து மகமை எனக் கோயிலுக்கு ஒதுக்கிய பகுதியும் இந்த ஒருமைப்பாட்டை வளர்த்தது. செட்டியார் தெருவிலுள்ள பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் வழிபாட்டுத் தலங்களாக இருந்ததோடு, வணிகர் கூடும் இடங்களாகவும் விளங்கின.

பிறர் கையில் இருந்த தூண்கள்

உள்ளமைப்பில் இத்துணை உறுதி பெற்றிருந்த இவ்வாணிகம், வெளியே மூன்று தூண்களிற் சாய்ந்து நின்றது. கடல்வழி, வங்கிக்கடன், சட்டம் என்பனவே அவை. இவற்றுள் ஒன்றேனும் நகரத்தாரின் கையில் இருக்கவில்லை.

கடல்வழியைப் பொறுத்தவரை, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நீராவிக் கப்பற் போக்குவரத்தில் பிரித்தானிய இந்தியக் கப்பற் கம்பனியே ஆதிக்கம் செலுத்தியது. அதனை எதிர்த்து 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பனியை நிறுவினார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவராயிருந்தார். 1907இல் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்து சேர்ந்தன. கட்டணக் குறைப்புப் போட்டியும் அரசாங்கத்தின் பகைமையும் அம்முயற்சியை நெருக்கின. 1908இல் சிதம்பரம்பிள்ளை சிறை சென்றபின் கம்பனி நீடிக்கவில்லை. சரக்கை உடையவன் கப்பலை உடையவனுக்குக் கட்டுப்பட்டவன் என்பதைத் தமிழ் வணிகருக்கு இந்நிகழ்ச்சி உணர்த்தியிருத்தல் வேண்டும்.

வங்கிக்கடனின் நிலை இதனினும் நுட்பமானது. 1864இல் சென்னை வங்கி கொழும்பிற் கிளை திறந்தது. 1921இல் அது இம்பீரியல் வங்கியோடு இணைந்தது. பட்டய வங்கி, ஹொங்கொங் வங்கி முதலிய மாற்று வங்கிகளும் வந்தன. 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி முறிந்தபோது அதன் நாணயத்தாள்களுக்கு ஆளுநர் ஆதர் கோடன் அரசாங்க உத்தரவாதம் வழங்கவேண்டியிருந்தது என்பது வங்கிகளும் அசைக்கமுடியாதனவல்ல என்பதைக் காட்டும். இவ்வங்கிகள் ஐரோப்பிய ஏற்றுமதி இறக்குமதி நிறுவனங்களுக்காகவே இயங்கின. உள்நாட்டவரின் தகுதியை அறிய அவற்றுக்கு வழியும் இல்லை, விருப்பும் இல்லை. ஆகவே அவை செட்டியாருக்குக் கடன் கொடுத்தன. செட்டியார் அப்பணத்தோடு தம் பணத்தையும் சேர்த்துக் கூடிய வட்டிக்கு உள்நாட்டவருக்குக் கொடுத்தனர். கடன் பெறுவோரின் தகுதியை வங்கிக்கு எடுத்துரைப்பதற்கும் அவர்களுக்குப் பிணைநிற்பதற்கும் சராப்பு எனப்பட்ட அலுவலர் இருந்தனர். இவ்வகையில் வங்கி ஏற்க விரும்பாத இடரை ஏற்றுக்கொண்டதற்கான கூலியே செட்டியார் பெற்ற வட்டி வேறுபாடாகும்.

உயர்ந்த வட்டி வாங்கினர் என்னும் குற்றச்சாட்டை நோக்கும்போது இவ்வுண்மையை மறத்தலாகாது. அதேவேளை கடன்பட்டவனின் துன்பம் இவ்விளக்கத்தால் மறைந்துவிடுவதுமன்று. வட்டி உயர்ந்ததற்கு உண்மைக் காரணம் ஐரோப்பிய வங்கியின் பாராமுகமே எனினும், கடன்பட்டவன் கண்ணெதிரே கண்டது வங்கியையன்று, செட்டியாரைத்தான்.

1925உம் அதன் பின்னரும்

1925இல் கொழும்பிற் சில செட்டியார் நிறுவனங்கள் முறிவடைந்தன. வங்கிகள் அச்சங்கொண்டு ஏனைய நிறுவனங்களுக்கும் கொடுத்துவந்த கடனைச் சுருக்கின. கிட்டங்கியின் நம்பிக்கை எத்துணை வலியதாயினும் வங்கியின் நம்பிக்கையை அதனால் ஈடுசெய்ய இயலவில்லை. வங்கியிடம் பெற்றது குறுகிய தவணைக் கடன். உள்நாட்டவருக்குக் கொடுத்ததோ காணியை ஈடாகக் கொண்ட, எளிதில் மீளாத கடன். மேலே கயிறு இறுகியபோது கீழேயும் இறுக்கவேண்டியதாயிற்று.

இந்நிலையிற்றான் 1929இல் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கிற்று. கொப்பரா, இறப்பர் ஆகியவற்றின் விலைகள் வீழ்ந்தன. தென்னந்தோட்டக்காரர் வட்டி செலுத்த இயலாதவராயினர். ஈடுவைத்த காணிகள் நீதிமன்ற ஏலத்தின் வழியாகச் செட்டியார் கைக்கு வந்தன. பணத்தை விரும்பியவருக்குக் காணி வந்து சேர்ந்தது. காணியை விரும்பியவன் அதனை இழந்தான். இரு சாராருக்கும் இது நட்டமே. பர்மாவில் இந்நிலை மேலும் கடுமையாயிருந்தது. அங்கு நெல் விளையும் பதின்மூன்று முக்கிய மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த செட்டியாரின் நிலவுடைமை 1938இல் நூற்றுக்கு 25 பங்காக உயர்ந்தது. 1930ஆம் ஆண்டையொட்டிய மதிப்பீடொன்றின்படி நகரத்தாரின் முதலீடு பர்மாவில் 75 கோடி ரூபாவும், மலாயாவில் 25 கோடி ரூபாவும், இலங்கையில் 14 கோடி ரூபாவுமாகும். சென்னை மாகாணத்தில் அது 1 கோடி ரூபா மட்டுமே. செல்வம் முழுவதும் கடலுக்கு அப்பால் இருந்தமையை இவ்வெண்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

இலங்கை அரசியலும் இக்காலத்தில் மாறியது. 1931இல் சர்வசன வாக்குரிமையின் அடிப்படையில் அரசாங்க சபை அமைந்தது. கடன்பட்ட விவசாயியும் சிறு வணிகனும் வாக்காளராயினர். ஊர் திரும்பும் எண்ணத்தோடு வாழ்ந்த மேலாளுக்கு அச்சபையிற் குரல் இல்லை. 1931இல் அரசாங்க ஈட்டு வங்கி அமைக்கப்பட்டது. 1934இல் சொராப்ஜி பொச்கானாவாலாவின் தலைமையில் அமைந்த வங்கி ஆணைக்குழு, உள்நாட்டவர் கடன்பெற இயலாதிருந்த நிலையை ஆராய்ந்து, அரசாங்க ஆதரவுடனான வங்கியொன்றை நிறுவுமாறு பரிந்துரைத்தது. 1939ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இலங்கை வங்கி திறக்கப்பட்டது. 1941இல் கடன் இணக்கச் சட்டம் நிறைவேறியது. செட்டியார் நிரப்பிவந்த இடைவெளியை அரசு தானே நிரப்ப முன்வந்தது என்பதே இவற்றின் பொருளாகும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த நாணயமாற்றுக் கட்டுப்பாடும் எஞ்சிய வாணிகத்தையும் நெருக்கின. மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆள்மாறும் அமைப்பு, கடவுச்சீட்டும் அனுமதிப்பத்திரமும் கேட்கப்படும் உலகில் இயங்க இயலாததாயிற்று.

வேரும் விழுதும்

நகரத்தார் இந்நாட்டிற் பதித்த வேர் ஒன்று உண்டெனில் அது கோயிலேயாகும். ஆடி மாதத்தில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் எழுந்தருளும் வேல் விழா, வணிகத் தெருவையும் நகரின் தென்பகுதியையும் இணைத்தது. சமய வேறுபாடின்றிக் கொழும்பு மக்கள் வீதியோரத்திற் கூடி நின்று தேரைக் கண்டனர். கடை மூடியபின்னும் கோயில் நிலைத்தது. ஐந்தொகை முடிந்தபின்னும் விழா தொடர்ந்தது. எனினும் கோயிலைத் தவிர்த்து, பள்ளியோ தொழிற்சாலையோ குடும்பமோ இங்கு வேரூன்றுமாறு நகரத்தார் பெருமளவில் முயலவில்லை. மேலாள் மனைவி மக்களைச் செட்டிநாட்டிலேயே விட்டுவந்தான். கொழும்பில் ஈட்டிய இலாபம் செட்டிநாட்டு மாளிகைகளாகவும் திருப்பணிகளாகவும் உருப்பெற்றது. அண்ணாமலைச் செட்டியாரின் கொடையில் 1929இல் சிதம்பரத்திற் பல்கலைக்கழகம் எழுந்தது. அதனையொத்த நினைவுச்சின்னம் எதனையும் கொழும்பிற் காண்பதற்கில்லை.

இதனைக் குற்றமாகக் கூறுவது எளிது. ஆனால் மேலாளைக் குடும்பத்தோடு குடியமர்த்தியிருந்தால், கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்பும் கட்டாயம் தளர்ந்திருக்கும். அதனோடு தொலைவிலிருந்து ஆளும் முறையின் உறுதியும் தளர்ந்திருக்கும். ஊரின் கண்டனத்துக்கு அஞ்சியவன் நேர்மையாக நடந்தான். ஊரையே நோக்கியிருந்தவன் தான் வணிகம் செய்த நாட்டை நோக்கவில்லை. நாணயத்தைக் காத்த அதே ஏற்பாடு அயன்மையையும் காத்தது. எழுச்சிக்கும் தளர்ச்சிக்கும் காரணம் ஒன்றே என்பது இப்பொருளிலேயேயாகும்.

காலமாற்றத்தை நகரத்தாரிற் சிலர் உணராமலும் இல்லை. 1937ஆம் ஆண்டு பெப்ரவரியில் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கி, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளிற் கிளைகளைத் திறந்தார். பிறர் வங்கியின் தயவில் நிற்பதைவிடத் தமக்கென வங்கி வேண்டும் என்னும் தெளிவு அதிற் புலப்படுகிறது. ஆயினும் ஏறக்குறைய ஐந்தாண்டுகளில் யப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர். கொழும்பைப் பொறுத்தவரையிலும் அத்தெளிவு காலம் கடந்தே வந்தது.

முடிவுரை

செட்டியார் தெருவின் வரலாற்றை இருவகையாகக் கூறுவது வழக்கம். குருதி உறிஞ்சிய வட்டிக்காரர் என்பது ஒரு கூற்று; கடல் கடந்து பெருமை நாட்டிய முன்னோர் என்பது மற்றொன்று. இரண்டும் முழுமையானவையல்ல. முதற் கூற்று, வங்கி புறக்கணித்த மக்களுக்குக் கடன் கிடைக்கச் செய்த ஒரே வாயில் பெரும்பாலும் அதுவாகவே இருந்தமையை மறக்கிறது. இரண்டாவது கூற்று, காணியிழந்த குடும்பங்களை மறக்கிறது. இலங்கை வங்கியின் தோற்றத்தையே எடுத்துக்கொண்டால், செட்டியார் செய்த பணி தேவையானது என்பதையும், அது போதாதது என்பதையும் ஒருங்கே அது ஒப்புக்கொண்டமை புலனாகும்.

கடல் கடந்த சந்தைகளை நாடிச் செல்லுதல் இன்று மீண்டும் பெருவழக்காகியுள்ளது. சரக்கின் தரமும் விலையும் கணக்கின் நேர்மையும் அங்கு நுழைவதற்கு உதவும் என்பதை நகரத்தார் வரலாறு காட்டுகிறது. ஆனால் யாருடைய கடனில், யாருடைய கப்பலில், யாருடைய சட்டத்தின் கீழ் அச்சந்தையில் நிற்கிறோம் என்னும் வினாவையும் அதே வரலாறு எழுப்புகிறது. அதற்கு விடை காணாத வணிகன் எத்துணைச் செல்வனாயினும், அச்சந்தையில் அவன் விருந்தினனேயாவான். விருந்தினனுக்குரிய மதிப்பு வீட்டுக்காரனின் வளம் குன்றாதிருக்கும் வரையிலேதான் நிலைக்கும். கொழும்புச் செட்டியார் தெரு 1925ஆம் ஆண்டுக்கும் 1948ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்திற் கற்ற பாடம் அதுவேயாகும்.